மாப்பிள்ளை மாட்டிய லாரிப் பட்டை

சிலிபின், ஈப்போ
1943 ஆனி 20

அன்பு மகள் மங்களத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நடமாடிக்கொண்டிருக்கிறோம். சிரம்பானில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க முருகன் துணை. ஏழாம் மாதம் உன்னைக் காரில் அழைத்துவருவேன் என்று இங்கே வந்த உன் வீட்டுக்காரர் ஒரு மாதமாய் நம் வாசலில் எண்ணெயும் கரியுமாகக் கிடக்கிறார். பெட்ரோல் இல்லாததால் கரிப்புகையில் ஓட்ட பழைய காரின் பின்னால் கரி அடுப்பு வைத்தார், சரி, ஊரே வைக்கிறது. அந்தப் பாரத்தில் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்துவிட்டது. உடனே அந்த மகாமேதை தாப்பாவில் கேட்பாரற்றுக் கிடந்த லாரியின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி வந்தார். மூன்று டன் சுமக்கிற பட்டை இந்தச் சின்னக் காருக்கு வளையுமா? இருபது வருடம் தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டிய என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ராகுகாலம் மட்டும் பார்த்தார். வெள்ளிக்கிழமை கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்வரை காத்திருந்து முதல் பட்டையை மாட்டினார். ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறானே, உண்மையான ராகுகாலம் அப்போதுதான் தொடங்குகிறது என்பது படித்த மண்டையில் ஏறவில்லை.

நேற்று முன்தினம் காலையில் சுங்கை சிப்புட் வரை ஓட்டிப் பார்த்தோம். பின்சீட்டில் நான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தலை கூரையில் மோதியது. அவர் திரும்பிப் பார்த்து, "எப்படி மாமா, கல்லு மாதிரி நிக்குதுலா?" என்று பெருமையாகக் கேட்டார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். வீட்டு மாப்பிள்ளையிடம் வேறென்ன சொல்வது? வீடு திரும்புவதற்குள் உன் அம்மா அவருக்கு முட்டை பொரித்து வைத்திருந்தாள்.

மங்களம், அந்தக் காரில் நீ ஏறக்கூடாது. போன தடவை மாட்டு வண்டியில் குலுங்கி வந்து நாம் பறிகொடுத்தது போதும். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. கடிதம் கொண்டுவரும் பத்துமலை என்பவர் ரயிலில் வேலை பார்க்கிறார், உட்கார இடம் பிடித்துத் தருவார். அவரோடே புறப்பட்டு வந்துவிடு. படித்ததும் இதை அடுப்பில் போடு.

பொட்டலத்தில் நான்கு நட்டுகள் இருக்கும், பத்திரமாக வை. பட்டையை அச்சோடு பிடித்திருந்தவை. ஈப்போ முழுக்க அலைந்தாலும் அந்த அளவு இப்போது கிடைக்காது. நேற்றிலிருந்து மாப்பிள்ளை தேடுகிறார். நானும் கூடவே காருக்கடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

தாயும் பிள்ளையுமாய் நூறு வயது இருக்க வாழ்த்தும்,
உன் அப்பா
ராமையா