நாமா, நாங்களா

மார்ச் 4
அச்சுக்குப் போகுமுன் திருத்த வேண்டிய பிரதி வந்துவிட்டது. என் முதல் கவிதைத் தொகுப்பு, ஐம்பதைத் தொடப்போகும் வயதில். தலைப்பு, 'நாம் வாழ்ந்த வீடு'. அதே பெயரில் உள்ளே இருக்கும் கவிதையைப் படித்துப் பதிப்பாளர் கண் கலங்கிவிட்டாராம். எனக்கு அதுதான் இடிக்கிறது. புள்ளியியல் வகுப்பில், அச்சு அசலாகப் பொருந்தும் கணக்கோடு வரும் மாணவரை நான் உடனே நம்புவதில்லை.

மார்ச் 6
மகள் வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையிலேயே காகிதங்களை விரித்துப் படித்தாள்.

"இந்த 'நாம்' யாரும்மா?"

"நானும் உங்கப்பாவும்."

"அப்ப அப்பாகிட்ட பேசுற மாதிரியா? நீங்க ரெண்டு பேரும் பேசியே எத்தனை வருஷமாச்சு!"

தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன்.

மார்ச் 7
'நாம்' வரும் இடமெல்லாம் 'நாங்கள்' போட்டுப் படித்தேன். கவிதை ஜில்லென்று ஆகிவிட்டது.

மார்ச் 9
சரி, ஏன் 'நாம்' போட்டேன்? கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல் அது. இழுக்கப்பட்டவரோ வேறு ஊரில், வேறு வீட்டில் நிம்மதியாக இருக்கிறார். அவரிடம் சொல்ல எனக்கு எதுவும் மிச்சமில்லை — பிரியும்போதே பேசித் தீர்த்துவிட்டோம். காதுக்கு இதமாக இருந்தது, போட்டேன். அவ்வளவுதான்.

கவிஞருக்கு இளகிய மனம் வேண்டும் என்கிறார்கள். அது யாருக்குத்தான் இல்லை? எங்கள் துறைத் தலைவர் விளம்பரம் பார்த்தே அழுவார். ஒரு வரி அழகாக வந்து விழும்போது, "நீ நிஜமா?" என்று அதன் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். பதில் சரியில்லையென்றால் அடித்துவிட வேண்டும்.

'நாங்கள்' என்றதும் எதிரே முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவரிடம் பூசி மெழுக முடியவில்லை. 'ஒரே குடையில் நனைந்தோம்' — எங்கே நனைந்தோம்? மகளின் அப்பாவுக்குக் குடை என்றாலே ஆகாது. போச்சு. 'மௌனத்தின் சுவர்கள்' — அதுவும் போச்சு. அந்த வீட்டில் சுவர் சுவராகத்தான் இருந்தது, ஈரம் கசிந்துகொண்டு. அதை எழுதினேன். பாதிக் கவிதைதான் மிச்சம். ஆனால் அது நிற்கிறது.

மார்ச் 11
தலைப்பிலும் 'நாங்கள்' என்று திருத்தி அனுப்பியிருந்தேன். பதிப்பாளர் தொலைபேசியில்.

"அட்டை அச்சாகிடுச்சு மேடம்! 'நாம்'னா வாசகரும் உள்ள வந்துடறார். 'நாங்கள்'னு போட்டு அவரை வாசல்லயே நிக்க வெக்கிறீங்களே."

"நிக்கட்டும் சார். அவர் அந்த வீட்டுல குடியிருக்கலையே."

"ஒரு வார்த்தைக்காகப் புத்தகமே நின்னு போகும், பாத்துக்கங்க."

"'நாம்'னுதான் வரும்னா எனக்குப் புத்தகமே வேணாம் சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மார்ச் 12
எத்தனை வருஷமாக் காத்திருந்தேன். கைக்கு வந்தது போயிடுமோ? ஆனா அந்த வார்த்தையைத் திரும்ப வெக்க மாட்டேன்.

ஏப்ரல் 2
அட்டை மாறுகிறது. புதுப் பெயர் யோசிக்கப் பொறுமையில்லாமல் பதிப்பாளர் 'கவிதைகள்' என்றே போட்டுவிட்டாராம். கோபத்தில் வைத்த பெயர், ஆனாலும் பொய்யில்லை. அந்தக் கவிதை கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. 'நாங்கள்' அப்படியே இருக்கிறது.

மே 20
மகளின் அப்பா கூப்பிட்டார். புத்தகத்தை அவள்தான் கொடுத்தாளாம்.

"படிச்சேன். எனக்கு எழுதினதில்லைன்னு தெரிஞ்சுது. அதனாலதான் முழுசாப் படிக்க முடிஞ்சுது."

"சுவரைப் பத்தி எழுதினது சரிதானே?" என்றேன்.

"சரிதான். அலமாரில என் சட்டையெல்லாம் பூஞ்சை பிடிச்சுதே, அதை விட்டுட்ட."

சிரித்துவிட்டேன். அவரும்தான்.

"ஞாயித்துக்கிழமை அவ அங்க வர்றாளாமே. நானும் வரட்டா?"

"வாங்க. நாங்க ரெண்டு பேரும் வீட்டுலதான் இருப்போம்."