மோர் எடுக்கப் போனபோது நீங்கள் எழுதிய பதில்

உங்கள் போன் இன்னும் அலமாரியில் சார்ஜில்தான் கிடக்கிறது. இன்று காலை நான் முட்டையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அது ஒரு தடவை கூவியது. நாட்டுக்கோழிக் குழுவில் யாராவது கேள்வி கேட்டால் மட்டும் அடிக்கட்டும் என்று அந்தச் சேவல் சத்தத்தை நீங்கள்தான் தேடிப் பிடித்து வைத்தீர்கள். கொட்டகையில் நிஜச் சேவல் தொண்டை கிழியக் கூவினாலும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். இது கூவினால் சோற்றுக் கையோடு எழுந்து வருவீர்கள். போய் எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவர், வளர்ப்புக்குப் புதியவராம், முதல் தடவையாகக் குஞ்சு வாங்கி இறக்கியிருக்கிறாராம், என்னென்ன செய்ய வேண்டும் என்று உங்கள் பெயரைப் போட்டுக் கேட்டிருந்தார். நீங்கள் போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரியவில்லை.

மற்றவர்களுக்குத் தெரியும். திருச்செங்கோட்டுக் கல்யாணத்தில் எடுத்த படத்துக்கு மாலை போட்டு, கீழே வரிசையாக எழுதினார்கள். "எத்தன தடவ கேட்டாலும் மொகம் சுளிக்காத மனுசருங்க." "தங்கமான அண்ணன். கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் சொல்லித் தர மாட்டாங்க." துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவில் மகள் இதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் நினைத்த காரணத்துக்காக இல்லை. இவர்கள் சொல்கிற மனுசனோடு நான் ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்தவில்லையே என்று அழுதேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, தீபாவளிக்குச் சேலை எடுக்கச் சேலத்துக்குக் கூட்டிப்போகாமல் இருந்ததில்லை. ஆனால் நான் ஏதாவது கேட்டால் மட்டும் உங்களுக்கு எங்கிருந்தோ அலுப்பு வந்துவிடும். கொட்டகைத் தரையில் கடலைத்தோலைப் பரப்பியது நான். தண்ணீர்க் குடுவையைக் கழுவியது நான். சொட்டு மருந்து விடும்போது ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துத் தலையைச் சாய்த்துக் காட்டியது நான். ஏன் அந்த மருந்து, ஏன் அந்த நாளில், என்பது மட்டும் உங்களோடு இருந்தது. ஆத்தூரிலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி பண்ணை பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா, மருந்தெல்லாம் நீங்களே போடுவீங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அவிங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று சிரித்தீர்கள். என் இரண்டு கையிலும் டீ டம்ளர் இருந்தது. கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

ஒரு மழைக்கால மதியம். இலையில் ரசம் சோறு, இடது கையில் போன். காலையிலிருந்து நீங்கள் கொட்டகைக்குப் போய்ப் போய், குஞ்சுகளுக்கு மேலே தொங்கிய பல்பை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தீர்கள். எனக்கு அது புரியவில்லை.

"ஏனுங்க, அந்த பல்ப எதுக்கு அப்பப்ப ஏத்தி எறக்கறீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு புள்ள? சொன்னா மட்டும் புரிஞ்சிருமாக்கும். போயி மோரு எடுத்தா."

எடுத்து வந்தேன். அதற்குள் நீங்கள் ஏதோ எழுதி முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். முகத்தில் அப்படியொரு திருப்தி. யாருங்க என்றேன். "மேச்சேரிப் பக்கம் ஒருத்தரு. பாவம், ஒண்ணுந் தெரியாம கெடந்து தவிக்கறாரு" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றச் சொன்னீர்கள்.

பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தீர்கள். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் முன்பே சொல்லி வைத்திருந்த குஞ்சுகள் மட்டும், காரியம் முடிந்த கையோடு, பெட்டி பெட்டியாக வேனில் வந்து இறங்கின. உங்கள் தம்பி வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, இத வேற பண்ணைக்குத் தள்ளிவுட்டர்லாமுங்க. கொட்டகைய வாடகைக்கு உட்டா மாசம் ஏதோ வரும். உங்களுக்கு எதுக்குங்க இந்தச் செரமம்?"

"இந்த ஒரு தடவ வளத்திப் பாக்கறேன் தம்பி. முடியலீன்னா நீங்க சொல்றாப்பல உட்டர்றேன்."

அவருக்கு நம்பிக்கையில்லை. எனக்கும் பெரிதாக இல்லை. ஆனால் அந்தக் கொட்டகை போனால், பிறகு நான் இந்த வீட்டில் யாருக்கோ மோர் எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. குஞ்சுகள் பல்புக்கு அடியில் போய்க் குவிந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கீழே கிடந்தவை நசுங்கின. சூடு தாங்காமல் சுருண்டு விழுகின்றனவோ என்று நினைத்துப் பல்பை மேலே ஏற்றினேன். இன்னும் மோசமாகக் குவிந்தன. செத்தவற்றைப் பொறுக்கி முறத்தில் போட்டேன். யாரைக் கேட்பது? தம்பியைக் கேட்டால் மறுநாளே வாடகைக்கு ஆள் கூட்டி வந்துவிடுவார். மகள் என் போனில் உங்கள் குழுவைச் சேர்த்துக் கொடுத்திருந்தாள். அதில் எழுதினேன். "நான் புதுசுங்க. குஞ்சு எல்லாம் பல்புக்கு அடியில குவிஞ்சு சாகுது. பல்ப ஏத்தியும் நிக்கல. என்ன பண்றதுங்க?" அத்தனை வருசம் அந்தக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கியவள், நான் புதுசு என்று எழுதினேன். பொய்யில்லை.

"குழுவுல தேடிப் பாருங்க, ஆயிரம் தடவ சொல்லியாச்சு" என்றார் ஒருவர். "இதுகூடத் தெரியாம எதுக்குக் குஞ்சு எறக்குனீங்க?" என்றார் இன்னொருவர். உங்களைத் தங்கமான அண்ணன் என்று எழுதியவர்தான் அவர். இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய ஆத்திரம் வரவில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பழகிய பேச்சுதானே. ஒருவர் மட்டும் எதுவும் சொல்லாமல் ஒரு பழைய பதிலை எடுத்துக் கீழே போட்டிருந்தார். மேலே மேச்சேரிக்காரர் ஒருவரின் கேள்வி. கீழே உங்கள் பெயர்.

"ஏனுங்க, பதறாதீங்க. குஞ்சு பல்புக்கு அடியில குவிஞ்சா அதுக்குக் குளிருதுன்னு அர்த்தமுங்க. பல்ப ஒரு சாண் எறக்கிக் கட்டுங்க. வெலகி ஓரத்துல போயி நின்னா சூடு சாஸ்தி, அப்ப ஏத்துங்க. பரவலா நின்னு மேஞ்சா சரியா இருக்குது. சந்தேகம்னா எப்ப வேணும்னாலும் கேளுங்க, தெரியாததக் கேக்கறதுக்குச் சங்கடப்படக் கூடாதுங்க. சாப்பிட்டுக்கிட்டே எழுதறேன். ஊட்ல மோர் எடுக்கப் போயிருக்காங்க, வாரதுக்குள்ள போட்டர்லாம்னு பாத்தேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க."

ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பல்புக் கயிற்றை அவிழ்த்து இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் குவியல் இளகியது. ஒவ்வொன்றாக நடந்துபோய்த் தீனித் தட்டைக் கொத்த ஆரம்பித்தன. நான் கடலைத்தோல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மோர் எடுக்கப் போயிருக்காங்க என்று எழுதியிருக்கிறீர்கள். நான்தான் அது. அதே கேள்வியை உங்களுக்கு எதிரில் நின்று கேட்டுவிட்டுப் போனவள். நான் அடுப்படிக்குப் போய், கடைந்து, உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு வருவதற்குள், எனக்குச் சொல்லாததை முகம் தெரியாத ஒருவருக்கு அத்தனை பதமாகச் சொல்லி முடித்திருக்கிறீர்கள். எழுதியதை வாயால் எனக்கும் ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? முறத்தில் கிடந்த குஞ்சுகளாவது பிழைத்திருக்கும். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்றே வைத்திருக்கிறேன்.

மிச்சக் குஞ்சுகள் தேறிவிட்டன. இன்று காலை நான் துடைத்தது அவை போட்ட முட்டைதான். தம்பி இப்போது வாடகைப் பேச்சை எடுப்பதில்லை. முட்டை வாங்க மட்டும் வருகிறார். வேலை ஓய்ந்த நேரத்தில் உங்கள் பதில்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு என்ன, தீனி குறைந்தால் என்ன, எல்லாம் எனக்குத் தெரியும் இப்போது. யார் யாருக்கோ நீங்கள் எழுதியதை ஒட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எத்தனை நல்ல மனுசர் நீங்கள், அந்தப் போனுக்குள்.

காலையில் கூவிய கேள்விக்கு என் போனிலிருந்தே பதில் எழுதினேன். முதல் நாள் வெல்லத் தண்ணீர் வைக்கச் சொன்னேன், பல்பைப் பற்றிச் சொன்னேன். "ஏனுங்க, பதறாதீங்க" என்றுதான் ஆரம்பித்தேன். வேறு மாதிரி ஆரம்பிக்க எனக்குத் தெரியவில்லை. முடிக்கும்போது இதையும் சேர்த்தேன்: "உங்க ஊட்ல இருக்கறவங்களயும் பக்கத்துல உக்கார வெச்சு இதப் படிச்சுக் காட்டுங்க. அவங்க ஏதாச்சும் கேட்டா, போன வெச்சுட்டு மொதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க."

மதியத்துக்குள் யாரோ கீழே எழுதியிருந்தார்கள். "எறந்துபோன அண்ணன் எழுதற மாதிரியே இருக்குதுங்க அக்கா."

நான் சேர்த்த அந்தக் கடைசி வரிகளைத் தவிர்த்துப் பார்த்தால், அவர் சொன்னது சரிதான்.