கம்பளம் பூத்த கதை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் நலம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைக் கொண்டுவருபவர் உங்கள் கப்பலுக்குப் புதிதாக வரும் சமையல்காரர். அடுத்த துறைமுகத்தில் ஏறுகிறாராம். உங்கள் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று. இதைப் படித்து முடிக்கிறவரை இன்னும் ஆறு மாதம் கப்பலில் இருப்பதாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். நானே ஃபோனில் சரி என்று சொன்னேனே என்பீர்கள். நான் சொன்னது உங்களை இல்லை, கம்பளத்தை. பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு என்று பார்க்காதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

நம் ஹால் கம்பளம் நனைந்துவிட்டது. ஏதோ ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டி நனைந்தது என்று நினைக்காதீர்கள். முழுசாக ஊறிப் போய்விட்டது. வாஷிங் மெஷின் குழாயைப் போகிற அவசரத்தில் துணி சுற்றிக் கட்டி, "வந்து மாத்திடறேன், அதுவரைக்கும் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அது தாங்கவில்லை. அவ்வளவு பெரிய கப்பல் எஞ்சினைக் கட்டி மேய்க்கிற மனுஷர், வீட்டுக் குழாய்க்குக் கந்தல் துணி! நான் கிளினிக்கிலிருந்து வந்து கதவைத் திறந்தால் செருப்பு மிதக்கிறது.

தரைத் தண்ணீரைத் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தேன். வீட்டில் இருக்கிற துண்டையெல்லாம் கம்பளத்தின் மேல் விரித்து, ஏறி நின்று மிதித்தேன். துண்டைப் பிழிவது, விரிப்பது, மிதிப்பது. கால் மரத்துப் போயிற்று. மிச்சத்தை மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடலாம் என்று பார்த்தால் தனியாளால் அசைக்க முடிகிறதா? ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை தரையை விட மாட்டேன் என்கிறது. நடு ஹாலில் ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கம்பளம் போனால் போகட்டும். இந்த வீட்டில் ஒரு முனையைப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லையே என்றுதான் அழுகை வந்தது.

பிறகு நாற்காலியைப் போட்டு ஃபேனை அதன் மேல் வைத்து ஓடவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் மொறமொறவென்று இருந்தது. சரி, வேலை முடிந்தது என்று ஃபேனை அணைத்து, மழை வருகிற மாதிரி இருந்ததால் ஜன்னலையும் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். மேல்பக்கம் காய்ந்ததே தவிர, அடிப்பக்கம் சொதசொதவென்று அப்படியே இருந்திருக்கிறது. புரட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் யாரை வைத்துப் புரட்டுவது?

என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. பல் டாக்டரிடம் வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், விரலால் காட்டுவார்கள், நான் டோக்கன் கொடுப்பேன். நாள் முழுக்க வாய் திறந்து பேசாத ஜனங்களோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே கன்னத்தைக் காட்டக்கூட ஆள் கிடையாது. நானே டிவியைப் போட்டு, செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் எதற்கும் மறுபேச்சுப் பேசுவதில்லை, அந்த வகையில் உங்களைவிடத் தேவலை.

இரண்டொரு நாளில் ஹாலில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அலமாரிக்குப் பின்னாலெல்லாம் தேடினேன். கடைசியில் கம்பளத்தின் ஓரத்தை மடக்கிப் பார்த்தால், அடிப்பக்கம் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூத்துக் கிடக்கிறது. வெட்கத்தை விட்டுக் கீழ்வீட்டுத் தையற்கார அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். ஆளுக்கொரு முனை பிடித்து மொட்டை மாடிச் சுவரில் அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கிற மாதிரி போட்டோம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, முதலில் காயவிட்டு, அப்புறம் பிரஷால் தட்டித் தேய்த்து, வினிகர் தொட்டுத் துடைத்து, மறுபடி காயவிட்டு. ஹால் தரையையும் விடவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன்.

அந்த வெறும் ஹாலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உங்கள் ஃபோன் வந்தது.

எத்தனை வாரத்துக்கு அப்புறம் உங்கள் குரல்! அதுவும் வருகிறது, போகிறது. எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல். எடுத்த எடுப்பில் "கார்பெட் பூத்துடுச்சுங்க" என்றேன். நீங்கள் "ஆஹா, ரொம்ப சந்தோஷம்!" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். முட்டி தேய நான் பாடுபட, இவருக்குக் கிண்டலா? "தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்று கத்தினேன். நீங்கள் என்னவோ நீளமாகச் சொன்னீர்கள். என் காதில் விழுந்தது வால் மட்டும்தான்: "...இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமா?"

உங்களுக்குத்தான் எதையும் எறிய மனசு வராதே. ஓடாத கடிகாரத்துக்கும் காது போன வாணலிக்கும் பரணில் இடம் கொடுத்திருக்கிற ஆள். வந்து பார்க்கிறவரை கம்பளம் இருக்கட்டுமா என்று கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். "தாராளமா இருக்கட்டும்" என்றேன். "உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்றீர்கள். கோபத்தில் என் வாய் சும்மா இருந்ததா? "எனக்கென்ன கஷ்டம்? இல்லாம வீடு நல்லா காத்தோட்டமாத்தான் இருக்கு" என்றேன்.

பிறகு "சரிம்மா" என்றீர்கள், ரொம்ப மெதுவாக. லைன் போய்விட்டது. வாயை அடைத்துவிட்டேன் என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கம்பளம் இரண்டு பக்கமும் காய்ந்து, வாடை போய், அக்காவும் நானும் அதைச் சுருட்டி மாடியிலிருந்து இறக்கினோம். படியில் வரும்போது இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அக்கா பாதிப் படியில் நின்றுவிட்டார். "ஏம்மா, ஒரு கார்பெட்டை வச்சுக்கறதுக்கு யாராவது ஆறு மாசம்னு கேப்பாங்களா? உன் வீட்டுக்காரர் எப்ப வரணும்?" என்றார். அடுத்த மாதம் என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, என் கை நழுவிவிட்டது. கம்பளம் பாட்டுக்கு உருண்டு போய்க் கீழ்ப்படியில் விழுந்தது. நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக விளங்கிற்று. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் வாசல் தொட்டியில் நட்டுவிட்டுப் போன செம்பருத்தி பூத்துதா என்றுதானே முதலில் கேட்பீர்கள்! நான் "பூத்துடுச்சு" என்றதும் செடி என்று நினைத்துத்தான் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். ஆக, கம்பளம் என்ற பேச்சே உங்கள் காதுக்கு எட்டவில்லை. அப்படியானால் இல்லாமல் வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்று நான் யாரைச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள்? ஐயோ, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது எனக்கு.

கப்பலுக்கு நானாகக் கூப்பிட வழியில்லையே, அப்படியே உங்கள் கப்பல் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த குமாஸ்தா, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப என்னன்னும்மா சேதி அனுப்பறது?" என்றார். கம்பளத்திலிருந்து ஆரம்பித்தேன், அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். "சொல்லிடறோம், கவலைப்படாதீங்க" என்றார். எங்கள் கிளினிக்கில் "வலிக்காது" என்று சொல்வோமே, அதே குரல். ஆறு மாதம் நீட்டிக்கிற காகிதத்தில் அடுத்த துறைமுகத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்றும் அவர்தான் சொன்னார். பெட்டியோடு அங்கே உட்கார்ந்திருந்த சமையல்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து, "எழுதிக் குடுங்க, நான் சேத்துடறேன்" என்றார். நல்ல மனுஷர். சாம்பாரில் உப்புக் கூடினாலும் அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, இரு என்று கம்பெனியில் கேட்டிருப்பார்கள். உங்களுக்கும் யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. என்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பீர்கள். நான் முடியாது என்று சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டீர்களா? அந்த "சரிம்மா"வை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், அப்படித்தான் தோன்றுகிறது. ஒருவேளை அவசரப்பட்டுக் கையெழுத்தைப் போட்டுவிட்டிருந்தால் கேப்டனிடம் போய் நில்லுங்கள். என் பெண்டாட்டிக்கு ஃபோனில் பேசத் தெரியாது என்று சொல்லுங்கள். கப்பலே சிரிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

பள்ளிக்கூடத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் எழுதினால் தமிழ் டீச்சர் நறுக்கென்று குட்டுவார். யார் என்றுதான் தெரிகிறதே, எதற்கு எழுத வேண்டும் என்று அப்போது முணுமுணுப்பேன். இப்போது எழுவாய், பயனிலை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நான் இங்கே தனியாக இருக்கிறேன். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரையில் விடட்டும்.

இப்படிக்கு,
உங்களை வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லாத
உங்கள் மனைவி