மருந்தீசுவரரிடம் கேட்டது

1996 ஐப்பசி, செவ்வாய் இரவு

மாலதி செய்த பொருள் வேலை செய்கிறதாம். சோதனைக்கு அனுப்பியிருந்த வெளிநாட்டு லேபிலிருந்து மத்தியானம் ஃபேக்ஸ் வந்தது. எச்.ஐ.வி. கிருமி அதைச் செல் என்று நினைத்து ஒட்டிக்கொள்கிறதாம், நிஜமான செல்லுக்குள் நுழைவதில்லையாம். இன்னொரு முறை சோதித்துவிட்டு உறுதி சொல்வார்களாம்.

நானும் அதையேதான் செய்தேன். அடையாறில் அதே லேபில், பக்கத்து மேஜையில், சர்க்கரையோடு கொழுப்பை ஒட்டவைக்கிற அதே வேலை. செல்லின் மேல் இருப்பதைப் போலவே நீளமான கொழுப்பு வால் வைத்தேன். அது தண்ணீரில் கரையாமல் திரிதிரியாக மிதந்தது. அவள் வாலைக் குட்டையாக்கினாள், கரைந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் கைடு சார் லேபில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். என்னிடம் மட்டும், "மாலதியப் பாத்துக் கத்துக்கோம்மா" என்றார். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னுதும் வரும்டீ, பாரேன்" என்றாள். சார் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவள் இரக்கப்பட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

திருவான்மியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கோயிலுக்குப் போனேன். குருக்கள், "யார் பேருக்கும்மா அர்ச்சனை?" என்று கேட்டார்.

"சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ" என்றேன். என் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த இரண்டாவது சோதனை தோற்க வேண்டும் என்றல்லவா வேண்டிக்கொண்டு நின்றேன். நோய் தீர்க்கிற மருந்தீசுவரரிடம் போய், ஒரு மருந்து பலிக்கக் கூடாது என்று.

விபூதியை வாங்கினேன். இட்டுக்கொள்ளவில்லை. கைக்குட்டையில் முடிந்தபடி இதோ மேஜைமேல் இருக்கிறது.