பதினெட்டு பாயிண்ட் காற்று

19 ஜனவரி 2025, ஞாயிறு

இன்றும் பஞ்சர். சீமைக்கருவேல முள், முன் சக்கரத்தில் ஒன்று, பின்னால் ஒன்று. ஏரிக்கரையிலிருந்து வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாருக்கும் கட்டைவிரல் அரிக்கிறது போலும். நிறுத்தி, டயரை அழுத்திப் பார்த்து, "இன்னா டீச்சர், காத்தே இல்லியே!" இல்லைதான் ஐயா. இருந்தால் ஏன் தள்ளிக்கொண்டு வருகிறேன்?

போட்டிக்கு ஒரு மாதம்கூட இல்லை. மலைச் சைக்கிளுக்கு மாவட்டத்தில் இரண்டு ஓட்டம். பெண்களில் ஒவ்வொன்றிலும் முதலில் வருபவளுக்கு மட்டும் மாநிலத் தேர்வு. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓட்டப்போகிற முதல் போட்டி. இதில் தோற்றால் "சும்மா தானே கீது, வித்துடலாம்" என்று வீட்டில் ஆரம்பிப்பார்கள். பி.டி. டீச்சருக்கு சைக்கிள் எதற்கு என்று ஏற்கெனவே ஒரு சுற்றுப் பேசியாகிவிட்டது.

22 ஜனவரி

எந்த டயர் வாங்கலாம் என்று வினோத்குமாரிடம் போனில் கேட்டேன். கல்லூரியில் என்னோடு ஓட்டியவன், இப்போது சென்னையில் கிளப் நடத்துகிறான். "பெரிய பட்டன் டயர். ரெண்டு பக்கமும் அதையே போடு. கண்ண மூடிக்கினு வாங்கு."

அவன் ஓட்டுவது ஏலகிரி. இங்கே மலை எங்கே இருக்கிறது? இவ்வளவு பெரிய பட்டன் புடைத்த டயரைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் போனால் டிராக்டர் ஓட்டுவது மாதிரிதான் இருக்கும். போட்டி நடக்கிற திருமுக்கூடலுக்கு ஒரு தடவையாவது வந்திருக்கிறாயா என்று கேட்டேன். "எல்லாம் மண்ணுதானே" என்கிறான். எல்லாம் மண்ணாம்! போனை வைத்துவிட்டேன்.

26 ஜனவரி

கொடியேற்றம் முடிந்து நேராகத் திருமுக்கூடல். முதல் ஓட்டம் இங்கேதான். கரைமேல் செம்மண்ணும் சரளையும். இறங்கினால் ஆற்று மணல், சக்கரம் புதைகிற மணல். ஏறி வந்தால் கருவேலங்காடு. ஒரே வண்டி மூன்றையும் தாண்ட வேண்டும்.

முடிவு செய்துவிட்டேன். முன்னால் அகலமான டயர், பட்டன் தள்ளித் தள்ளி இருப்பது: மணலில் திசை மாறாது. பின்னால் நெருக்கமான சின்னப் பட்டன், சரளையில் உருளும். டியூப் கிடையாது. உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றிக்கொள்ள வேண்டும். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். யாரையும் இனிமேல் கேட்கப்போவதில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

டயர் மாட்டியாயிற்று. இரண்டு நாளாகக் காற்றை ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்த்தேன். முன்னால் பதினெட்டு பாயிண்ட், பின்னால் இருபத்தொன்று. தொட்டால் மெத்தென்று இருக்கிறது. அப்படி இருந்தால்தான் டயர் மணலில் பரந்து உட்காரும். புதையவே இல்லை! எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சந்தோஷமாக ஓட்டி.

4 பிப்ரவரி

காலையில் எடுத்தால் டயர் கல்லாக இருக்கிறது. மாமா. மாமனார் ஆயிற்றே, உரிமையோடு என் பம்பை எடுத்து, நான் தூங்கி எழுவதற்குள் அடித்து வைத்திருக்கிறார்.

"காத்தே இல்லாம கெடந்துச்சி மா. கல்லு மாதிரி அடிச்சி வெச்சிகீறேன், போ."

வேண்டுமென்றே குறைவாக வைத்தேன் மாமா என்று பொறுமையாகச் சொன்னேன். மணலைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார்.

7 பிப்ரவரி

மறுபடியும் கல். தலையாட்டினாரே!

வீட்டுக்காரர் ஜெகனிடம் சொன்னால், "அப்பா நல்லதுக்குத்தான் செய்றாரு வளரு, நீ காத்த எறக்கிக்கோயேன்" என்கிறார். இவருடைய போனில் தினமும் யாராவது எதையாவது மாற்றி வைத்தால் தெரியும்.

8 பிப்ரவரி

பம்பை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

திருமுக்கூடலுக்கு மாமாவும் ஜெகனும் வந்தார்கள். காற்றை அளந்து சரிபார்த்துவிட்டு, வண்டியை அவர்களிடம் கொடுத்து நம்பர் வாங்கப் போனேன். திரும்பி வந்ததும் விசில். கரைமேல் சரளையில் வண்டி தவளையாகக் குதித்தபோதுதான் புரிந்தது. மாமா யாரிடமோ பம்பு வாங்கி அடித்துவிட்டார். மணலில் இறங்கியதும் முன்சக்கரம் கத்தி மாதிரி புதைந்தது. இறங்கி, வால்வை அழுத்திக் காற்றை விட்டுக்கொண்டு நிற்கிறேன், ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போகிறாள். நான்காவது.

எல்லார் முன்னாலும் கத்தினேன். "ஏன் மாமா தொட்டீங்க? என் வண்டிய ஏன் தொட்டீங்க?"

"நாலு பேரு அழுத்திப் பாத்துட்டுச் சிரிச்சாங்க மா. ஏகாம்பரம் மருமவள காத்தில்லாத வண்டில அனுப்பறான்னு பேசமாட்டாங்களா?"

அவருடைய பெயருக்குத்தான் காற்று. என் டயருக்கு அல்ல.

17 பிப்ரவரி

மன்னிப்புக் கேள் என்கிறார் ஜெகன். மாட்டேன். யார் யாரிடம் கேட்பது?

23 பிப்ரவரி, ஞாயிறு

ஒரு வாரமாக மாமா என்னிடம் பேசுவதில்லை. நானும்தான். அத்தை எதிலும் வாய் திறக்காதவர். இன்று கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னார்:

"நான் கொழம்பு எறக்கி வெப்பேன். உங்க மாமா வந்து, ருசிகூட பாக்காம, உப்ப அள்ளிப் போட்டுட்டுப் போவாரு. கண்ணாலம் ஆன புதுசுலேர்ந்து. அப்பறம் நான் கம்மியாவே போட்டு எறக்கக் கத்துக்கினேன். அவரு போட்டா சரியாப் பூடும்."

நீங்கள் சொல்லவே இல்லையா அத்தை என்றேன்.

"யாருகிட்ட? எங்கொழம்பு இன்னா ருசின்னு இந்த வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது வளரு. எனக்கே மறந்து போச்சி." கத்தியைக் கீழே வைத்தார். "நீ அந்த மாரி கத்துக்காத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவின் மேல் இருந்த கோபம் இன்னும் பெரியதாக ஆயிற்று.

8 மார்ச்

நாளை இரண்டாவது ஓட்டம், ஐயங்கார்குளத்தில். அத்தை தானும் வருவதாகச் சொன்னார். மாமா நிமிர்ந்து பார்த்தார். "நீ அங்க வந்து இன்னா பண்ணப்போற?" "ஒக்காந்துக்கினு இருப்பேன்."

9 மார்ச், ஞாயிறு

சொன்னபடியே உட்கார்ந்திருந்தார். நான் நம்பர் வாங்கிக்கொண்டு வந்தபோது, வண்டியைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டு தரையில் அத்தை. பத்தடி தள்ளி மாமா. அழுத்திப் பார்க்க வந்த ஒருவரிடம் அத்தை, "யோவ், கைய எடு" என்றது என் காதில் விழுந்தது. அந்தக் குரலை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை.

முதல் இடம்.

மாலை, முற்றத்தில் நிறுத்தியிருந்த வண்டியை மாமா இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார். மூன்று வாரம் கழித்து என்னிடம் பேசினார்:

"காத்து எவ்ளோ வெச்சிருந்த?"

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, எனக்குத் தெரியும் என்று நினைத்து அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. பதினெட்டு என்றேன்.

"கம்மி" என்றார்.

ஆனால் கையை அவிழ்க்கவில்லை.