கையைத் தூக்கியவர்கள்

செவ்வாய், பெப்ரவரி 11

ஆஸ்பத்திரியில் நான் உடம்பு துடைத்துவிடும் மதாம், எண்பது தாண்டியவள், இன்று தன் தகப்பனின் படத்தைக் காட்டினாள். இரண்டாம் உலகப் போரில் நோர்மண்டியில் ஜெர்மன் டாங்கிப் படைப்பிரிவு ஒன்றிடம் சரணடைந்த கனடியச் சிப்பாய். கையைத் தூக்கி நின்றவரை அன்றைக்கே சுட்டுவிட்டார்களாம். அந்தப் படைப்பிரிவின் பெயர், அதிகாரியின் பெயர், கல்லறையின் இலக்கம் எல்லாம் அவளுக்குப் பாடம். சொல்லிவிட்டு அழுதாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. சீ, நானும் ஒரு மனிதனா?

தம்பிக்கு என்ன நடந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. போரின் கடைசி நாட்களில் வன்னியிலிருந்து போன் எடுத்தான். இங்கே கனடாவில், இதே கோட்-டெ-நெய்ஜ் வாடகை அறையில் நின்றுகொண்டு நான்தான் சொன்னேன்: "கையைத் தூக்கிக்கொண்டு ஆமியிட்டைப் போ. சரணடைஞ்சவனைச் சுடமாட்டாங்கள்."

"ஓம் அண்ணை, போயிட்டு வாறன்" என்றான்.