இரண்டாவது உதை

பிப்ரவரி 4

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். நீயும் மகளும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள்? நீ மகள் வீட்டுக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரு வரி இல்லை. குறை சொல்லவில்லை. காரணம் இல்லாமல் எதையும் செய்கிற ஆள் இல்லை நீ.

ஒரு சங்கதி. எட்டு மாதமாக மூளை டாக்டரம்மா ஒருவரிடம் போய்வருகிறேன். முதல் நாளே பெருமையடித்தேன். "பஸ் ஒர்க்‌ஷாப்ல முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக். பானெட்டைத் திறக்கவே வேணாம், வண்டி உள்ள வர்ற சத்தத்துலயே கோளாறு எங்கன்னு சொல்லிடுவேன்."

"அது வரம் இல்ல சார்" என்று சிரித்தார். "ஆயிரக்கணக்கான சத்தத்தை உங்க மூளை சேர்த்து வச்சிருக்கு. நீங்க யோசிக்கிறதுக்குள்ள அது பதில் சொல்லிடுது. உங்க கோபமும் அப்படிப் பழகினதுதான். வேற மாதிரி பழக்கலாம், இந்த வயசுலயும்."

கழுத்து சூடேறினால் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பிறகு நோட்டில் எழுத வேண்டும். எட்டு மாதத்தில் நான் ஒரு பொருளைக்கூடத் தூக்கி எறியவில்லை. நோட்டைத் தருகிறேன், நீயே திருத்தி மார்க் போடு. வீட்டுக்குத் திரும்பி வருவாயா?

உன் மெக்கானிக்


பிப்ரவரி 15

நம் மகளின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகளிடமும் காட்டினேன். "எழுதுறப்போ எல்லாரும் நல்லவங்கதாம்மா" என்று சொல்லிவிட்டுப் புருவத்தைத் தடவிக்கொண்டாள். நீங்கள் எறிந்த தட்டு பட்டு மூன்று தையல் போட்ட அதே புருவம். தான் தடவுவது அவளுக்கே தெரியாது.

டாக்டரம்மா சொல்வது சரிதான். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எந்த பெஞ்சில் யார் குறும்பு செய்யப்போகிறார்கள் என்று என் முதுகுக்குத் தெரியும். திரும்பாமலே, "கடைசி பெஞ்ச், அதைக் கீழ வை" என்பேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

உங்கள் முயற்சியை மதிக்கிறேன். வருவதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தேநீருக்கு வாருங்கள். பேத்தியைப் பாருங்கள். பிறகு பார்க்கலாம்.

டீச்சர்


பிப்ரவரி 26

அன்புள்ள டீச்சருக்கு,

தேநீருக்கு நன்றி. பேத்திக்கு என் மூக்கு. பாவம், வேறு நல்ல மூக்கா கிடைக்கவில்லை?

ஒரே ஒரு மனத்தாங்கல். நான் மாடிப்படியில் கால் வைத்தபோதே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேசையில் அடுக்கி வைத்திருந்த பீங்கான் கப்புகளை நீ அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாய். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் தேநீர் வந்தது. பேத்தியும் அரை மணி நேரம் உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் என்ன செய்தேன்? சிரித்த முகமாகத்தானே வந்தேன்?

உண்மையில் கீழே எனக்கு ஒரு பரீட்சை நடந்தது. உங்கள் காவல்காரர், "யோவ் பெருசு, போர்டு கண்ணுக்குத் தெரியல? வண்டிய அந்தப் பக்கம் போடு" என்றார். கழுத்து சூடேறியது. ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தினேன். மாடிப்படியில் நின்று எண்ணினேன். பூஜ்யம் வந்தபோது கோபம் போயே போய்விட்டது. வீட்டுக்கு வந்து நோட்டில் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டேன். இதெல்லாம் மேலே இருந்த உனக்குத் தெரிந்திருக்கவே முடியாது.

உன் மெக்கானிக்


மார்ச் 6

நம் மகளின் அப்பாவுக்கு,

எனக்குத் தெரியும்.

இத்தனை வருடம் சொல்லாததைச் சொல்கிறேன். நீங்கள் ஸ்கூட்டரை நிறுத்தும்போது ஸ்டாண்ட் ஒரே உதையில் இறங்கிவிடும். சில நாட்களில் இரண்டாவது உதை ஒன்று விழும். அது ஸ்டாண்டுக்கு இல்லை. அதைக் கேட்டதும், நீங்கள் மாடி ஏறுவதற்குள் உடையக்கூடியது எதுவும் மேசையில் இருக்காது. மகள் உள் அறையில் இருப்பாள். ஒரே ஒரு நாள் குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அன்றுதான் அந்த மூன்று தையல்.

ஞாயிறன்று இரண்டாவது உதை கேட்டது. கப்புகள் என் கையில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது.

நீங்கள் மாறிவிட்டீர்கள். நம்புகிறேன். பத்துக்குப் பத்து நானும் போடுகிறேன். ஆனால் ஏழு எட்டு ஐம்பத்துநாலு என்று தப்பாகப் பழகிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தாறு என்று நூறு முறை எழுத வைத்தாலும், திடீரென்று கேட்டால் நாக்கில் முதலில் வருவது ஐம்பத்துநாலுதான். பழையது அழிவதில்லை, புதியது அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்கு எட்டு மாதம் ஆனது. எனக்கு எத்தனை வருடம் ஆகுமோ! அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக்காரர் வண்டி நிறுத்தினார். கால் வழுக்கி இரண்டு தரம் உதைத்தார். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த பேத்தி எழுந்தாள். மேசையிலிருந்த கப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். "பாட்டி, நான் உள்ள போறேன்" என்று போய்விட்டாள்.

நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஞாயிறன்று என் முகத்தைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். என் முப்பத்தைந்து வருட சர்வீஸில் இவ்வளவு சீக்கிரமாக எந்தப் பிள்ளையும் எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

இனி வர வேண்டாம். எண்ணுவதையும் நோட்டையும் விட்டுவிடாதீர்கள்.

டீச்சர்


ஏப்ரல் 19

அன்புள்ள டீச்சருக்கு,

இடையில் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. சுருக்கமாக முடிக்கிறேன்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். ஸ்டாண்டைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்பிரிங் இறுகிப்போயிருந்தது. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். புது ஸ்பிரிங் மாட்டி, கிரீஸ் வைத்து, அடியில் ரப்பர் துண்டும் பொருத்திவிட்டேன். பத்து முறை போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை.

இனி நீ ஜன்னலை ஒட்டியே நின்றாலும் நான் வந்தது உனக்குத் தெரியாது.

உன் மெக்கானிக்